மூன்று படியில் ஒன்று

எங்கள் வீட்டு வாசலில் முன்பு மூன்று படிகள் இருந்தன. 1958இல் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மட்டக்களப்பு டவுன் இருக்கிற தீவான புளியந்தீவில், பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கீழ்ப்படியில் குந்தியிருந்துதான் பள்ளிக்கூடம் போக நாங்கள் சப்பாத்துப் போடுவோம். நடுப்படியில் மீன்காரர் கூடையை இறக்கி வைப்பார். மேல்படி அம்மம்மாவுடையது. வெற்றிலைத் தட்டத்தோடு அவர் அதில் இருந்தால், ஒழுங்கையால் போகிற ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கடக்க முடியாது.

இப்போது ஒரு படிதான் மிச்சம். மற்ற இரண்டையும் யாரும் இடிக்கவில்லை. ஒழுங்கைக்குக் கிறவல் கொட்டினார்கள், பிறகு தார் போட்டார்கள், அந்தத் தாருக்கு மேல் இன்னொரு தார், கடைசியாகக் கொங்கிறீற். ஒவ்வொரு முறையும் நாலு விரல், ஐந்து விரல் உயரம் கூடியது. நாற்பது வருசத்தில் வீதி கிட்டத்தட்ட வீட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. பக்கத்து வளவில் நாலு மாடி கட்டியவர்கள் முதலில் மண் கொட்டி இடுப்பளவு நிலத்தை உயர்த்தினார்கள். இந்தப் பக்கம் இரண்டு வளவு, அந்தப் பக்கம் ஒரு வளவு அப்படி உயர்ந்த பிறகு எங்கள் வீடு சட்டிக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. முந்தி மழைத் தண்ணி எங்கள் வாசலால் ஓடி வாவிக்குப் போகும். இப்போது விறாந்தைக்கு வருகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம், போன மாதம் புரோக்கர் ஒருவர் வந்து போனதுதான். பதினொரு பேர்ச் காணி. கேட்ட விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு டீச்சருக்கு அது கையால் எண்ணிப் பார்க்க முடியாத காசு. வாங்க நிற்பவர்கள் கீழே கடை, மேலே ரியூசன் வகுப்புகள் என்று திட்டம் வைத்திருக்கிறார்களாம். நல்ல ஆட்கள்தான். எனக்கு அவர்களில் ஒரு கோபமும் இல்லை.

ஆனால் வீடு என்னுடையதில்லை. எங்கள் பக்கத்து வழமை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து 1986இல் எனக்கு, என்னிடமிருந்து சின்ன மகளுக்கு. உறுதி அவள் பேரில் இருக்கிறது. அவள் இருப்பதோ கல்லடியில், புதிதாகக் கட்டிய வீட்டில். ஓட்டோவில் பத்து நிமிசம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பதால் டவுன் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என் மகள் பாலத்துக்கு அங்கால்தான் இருக்கிறாள், ஆனாலும் இங்கே வர மாட்டாள். "அம்மா, அந்த ஒழுங்கைக்குள்ள கார் வராது. இரவில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா என்ன செய்யிற?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? அவள் கேட்பது நியாயம்.

புதிய கல்லடிப் பாலம் 2013இல் திறந்தபோது நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும். மற்றப் பக்கம் காத்து நிற்கும். பஸ்ஸுக்குள் வியர்த்து வழிந்தபடி, நேரம் போய்விட்டதே என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எத்தனை காலை நின்றிருக்கிறேன்! கூடவே யுத்தக் காலத்துச் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். ஆகவே புதிய பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க நிற்காமல் போனபோது எனக்குக் கண் கலங்கியது. பழைய பாலம் இன்றைக்கும் பக்கத்தில் நிற்கிறது. பௌர்ணமியில் மீன் பாடுவதைக் கேட்கலாம் என்று அம்மம்மா எங்களைத் தோணியில் கொண்டுபோனது அதன் கீழேதான். துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது. தம்பிக்குக் கேட்கவில்லை என்று அழுதான். அந்தப் புதிய பாலம் வந்த பிறகுதான் டவுனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அக்கரையில் வளவு வாங்கத் தொடங்கினார்கள்.

அப்பா கச்சேரியில், அதாவது இப்போதைய மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருசத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டைக்குள்தான் அவருடைய மேசை இருந்தது. மத்தியானம் சாப்பிட நடந்தே வீட்டுக்கு வருவார். மதிலில் குடை தட்டும் சத்தம் கேட்டால் அம்மா சோற்றைப் போடத் தொடங்குவார். இப்போது மாவட்டச் செயலகம் திராய்மடுவில், புதிய கட்டிடத்தில். வாகரையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருகிறவர்கள் டவுனுக்குள் நுழைந்து நெரிபடத் தேவையில்லை. அது பெரிய உதவி. ஆனால் கச்சேரிக்கு வருகிற சனத்தை நம்பி இங்கே எத்தனை பேர் பிழைத்தார்கள்! பெட்டிசம் எழுதிக் கொடுக்கிற ஐயா, போட்டோ கொப்பிக் கடைகள், பருப்பு வடையும் பிளேன்டீயும் விற்ற கடை. அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் என்னிடம் வாய்ப்பாடு படித்த பிள்ளை. போன வருசம் கடையை மூடிவிட்டு மாமாங்கத்துப் பக்கம் ஓட்டோ ஓடுகிறார். கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார், காசு வாங்க மாட்டார். நான் சீட்டில் வைத்துவிட்டு இறங்குவேன்.

எங்கள் வீட்டின் முன் அறையில் இப்போது ஒரு கடை இருக்கிறது. அறையின் வீதிப் பக்கச் சுவரை உடைத்து நான்தான் வாடகைக்குக் கொடுத்தேன். போன் திருத்துவதும், ரீலோட் போடுவதும், பெண் பிள்ளைகளுக்குக் காப்பு, பொட்டு விற்பதுமாக ஒரு சின்னக் கடை. நடத்துகிற பிள்ளைக்கு வயது இருபத்தாறு. கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை. தகப்பன் இல்லை. எந்த வருசம், எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டிய தேவை இல்லை.

ஒருநாள் மழைத் தண்ணியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே நான் அலுத்துக்கொண்டேன், இந்த டவுன் நாசமாய்ப் போச்சு என்று. அவள் ஒரு போனின் முதுகைக் கழற்றி, சின்னச் சின்ன ஆணிகளைக் காந்தத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"டீச்சர், எங்கட அம்மா டவுனுக்கு வாறதெண்டா விடியக்காத்தால மூணு மணிக்கு எழும்புவா. மண்முனையில பாதைக்கு நிக்க வேணும். அங்கால ஆமி மறிச்சா, அரிசி மூட்டையைக் கூட அவிட்டுப் பாப்பானாம். மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவா. நான் ஒவ்வொரு நாளும் வாறன். நீங்க பழைய டவுன் நல்லம் எண்டு சொல்றீங்க. அந்த டவுனுக்கு எங்களுக்கு வழியில்லகா."

பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது. அது வந்த பிறகுதான் இந்தப் பிள்ளையைப் போன்றவர்கள் டவுனில் கடை வைக்க முடிந்தது. இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. என்னுடைய டவுன் என்று நான் நினைத்து ஏங்குவது எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே, அதிலும் இந்தத் தீவுக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்த டவுன். அன்று அவள் சொன்னதற்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே போய் அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

இருந்தாலும் என் மனதில் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பழைய ஓடும் மரத்தூணும் பெரிதில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் ஓடு முழுதும் பறந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது, கட்டிலுக்குக் கீழே கிடந்து வானத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஓட்டில் ஆசை வைக்கவில்லை. என்னை வருத்துவது இரவு.

தொண்ணூறுகளில் பொழுதுபட்டால் இந்த ஒழுங்கையில் ஒரு நாயும் நடமாடாது. லாம்பைக் குறைத்து வைத்துவிட்டு இருப்போம். வீதி அப்படிச் செத்துக் கிடந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்தார்கள். வெளிக்கிராமங்களிலிருந்து ஓடி வந்த சொந்தங்கள் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். இருமல் சத்தத்தில் எந்த வீட்டில் யார் முழிப்பு என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் இரவு எனக்கு வயிற்றில் பிள்ளையோடு வலி வந்தபோது, அம்மா சுவரில் அம்மிக் குழவியால் மூன்று தரம் தட்டினார். ஊரடங்குக்குள், வேலி பிரித்துக்கொண்டு நாலு பெண்கள் வந்துவிட்டார்கள்.

இப்போது வீதி முழுக்க வெளிச்சம். விளம்பரப் பலகைகள் விடியும்வரை எரிகின்றன. இரவு எட்டு மணிக்கு ரியூசன் விட்டுப் பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறார்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பலகை எரிந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பேன். காந்திப் பூங்காவில் பின்னேரம் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் வந்து நிற்பதும் அதே பூங்காவில்தான். அவர்களில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். போகும்போதெல்லாம் கையைப் பிடித்து ஒரு நிமிசம் நிற்பேன்.

ஆனால் ஒன்பது மணிக்குக் கடைகள் சட்டரை இழுத்துப் பூட்டினால், எங்கள் ஒழுங்கையில் ஆள் படுக்கிற வீடு மூன்றுதான். என்னுடையது, முனையில் இருக்கிற வயதான புருசன் பெண்சாதி, தையல்காரர் குடும்பம். முன்பு பதினாலு. இப்போது நான் சுவரில் தட்டினால் மறுபக்கம் இருப்பது சிமெந்துச் சாக்கும் சட்டைப் பெட்டிகளும்தான்.

2019 ஏப்ரல் 21 காலை இதை நான் நன்றாக உணர்ந்தேன். மத்திய வீதியில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தத்தில் எங்கள் ஜன்னல் அதிர்ந்தது. செத்தவர்களில் எத்தனை பேர் குழந்தைகள்! வெளியே ஓடி வந்து யாரைக் கேட்பது என்று பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் பூட்டு. அன்று ஒழுங்கையில் நின்றது நானும் அந்தக் கிழவர் இரண்டு பேரும்தான். குண்டு வைத்தது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் குழு என்பதால், பிறகு பல மாதங்கள் முஸ்லிம் கடைகளுக்குள் எங்கள் ஆட்கள் போகவில்லை. பிரதான வீதியில் அம்மா காலத்திலிருந்து நாங்கள் சேலை எடுக்கிற காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலையில் கடை திறந்து கதிரையில் இருந்துவிட்டு மாலையில் பூட்டுவார். நான் போனேன். தேவையில்லாமல்தான் இரண்டு தலையணை உறை வாங்கினேன். "டீச்சர், இண்டைக்கு முதல் யாவாரம்" என்று சொல்லி அந்தக் காசைக் கண்ணில் ஒற்றினார். அப்போது மணி பின்னேரம் நாலு. அந்தக் கடை இப்போது மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, மகன் நடத்துகிறார். உள்ளே குளிர் போடுகிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்க்க எனக்குச் சந்தோசம். யார் என்ன சொன்னாலும் அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

கிணற்றுக் கதை ஒன்று இருக்கிறது. தீவு என்பதால் தோண்டினால் எட்டு, பத்து அடியில் தண்ணி. இனிப்புத் தண்ணி. பக்கத்துக் கட்டிடத்துக்கு இடமில்லை என்று மலசலக்குழியை எங்கள் எல்லையோடு ஒட்டி வெட்டினார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு தரம் போனேன், கடிதமும் கொடுத்தேன். வந்து பார்ப்போம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. இப்போது குடிப்பதும் சமைப்பதும் குழாயில் வருகிற உன்னிச்சைக் குளத்துத் தண்ணியில். கிணற்றுத் தண்ணி பூங்கன்றுக்கும் விறாந்தை கழுவவும்தான்.

போன மாரியில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டி, விடாமல் அடித்தது. ஒழுங்கையில் முழங்கால் தண்ணி. கடையில் இருந்த போன்களையெல்லாம் நானும் அந்தப் பிள்ளையும் சாமியறைத் தட்டில் ஏற்றினோம். ஆறு மணிக்கு அவளுடைய கடைசி பஸ் போய்விட்டது. தாய்க்கு நானே போன் எடுத்துப் பேசினேன். "உங்கட புள்ளதான் டீச்சர், வெச்சிருங்க" என்றார் அந்த அம்மா. அன்று இரவு ரொட்டி சுட்டு, கூனிச் சம்பலோடு சாப்பிட்டோம். அவள் என் அம்மாவின் கட்டிலில் படுத்தாள். நடுச்சாமத்தில் எனக்கு விழிப்பு வந்தது. அறைக்குள் ஒருத்தி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

காலையில் அவள் கேட்டாள், "பின் அறையை எனக்குத் தருவீங்களா டீச்சர்? மாசம் பஸ்ஸுக்குப் போற காசை உங்களுக்குத் தரலாம். மறுகா, இரவில கொஞ்சம் கூட நேரம் கடை திறக்கலாம்."

வீடு மகளின் பேரில் என்பதால் அவளிடம் கேட்க வேண்டும் என்றேன். மகளிடம் புரோக்கர் சொன்ன விலையையும் சொன்னேன், இந்தப் பிள்ளை கேட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு இப்ப ஓடிப்போகாதம்மா. முதல்ல அந்தப் பின்பக்கத்துக் கக்கூஸ் கதவைச் சரிசெய்யுங்க. கொண்டி இல்லாத கதவோட ஒரு குமர்ப்பிள்ளை எப்பிடி இருக்கிற?" என்றாள்.

தச்சு வேலைக்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் மறுபடியும் ஒரு படி கட்டலாமா என்று அவரையே கேட்க இருக்கிறேன், மேசன்மார் யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.