125இலிருந்து 100க்கு வந்த கதை

தைராய்டு மந்தமாகிப் போனவர்கள் போடுவதும், தைராய்டையே வெட்டி எடுத்துவிட்ட என்னைப் போன்றவர்கள் போடுவதும் ஒரே மாத்திரைதான். லெவோதைராக்ஸின். அதனால் எனக்குப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனது தெரிந்தவர்கள்கூட, "நானும் தைராய்டு மாத்திரைதான் போடுகிறேன்" என்று சொந்தம் கொண்டாடிக்கொண்டு வருவார்கள். அடுத்த கேள்வி, "உங்களுக்கு எத்தனை?" 125 மைக்ரோகிராம் என்று சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "எனக்கு அம்பதுதான். கொத்தமல்லி விதையை ஊற வச்சுக் குடிக்கேன், அதையும் நிறுத்திரலாம்னு பாக்கேன்." குடிக்கட்டும். கொத்தமல்லித் தண்ணீர் சரிசெய்வதற்கு என்னிடம் சுரப்பியே இல்லை என்பதை ஒவ்வொருவரிடமும் விளக்கி அலுத்துவிட்டது, இப்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு அளவு எடுக்கத் தொடங்கிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுடிதார், பிளவுஸ், கல்யாண சீசனில் ஆரி வேலை. எனக்கு வந்தது பாப்பிலரி வகை. தைராய்டை முழுதாக எடுத்தார்கள், கழுத்தில் சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள், கணுக்களிலும் அது இருந்தது. ஆபரேஷன் கதையை எழுதப் போவதில்லை. அது ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் விழுங்க வேண்டியதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் மாத்திரையே கொடுக்கவில்லை. அடுத்து ரேடியோ அயோடின் இருந்தது, மிச்சத் தைராய்டுத் திசுவை அழிக்கக் கொடுக்கும் கதிர்வீச்சு அயோடின். அந்தத் திசு அயோடினை நன்றாக இழுத்துக்கொள்ள வேண்டுமென்றால் ரத்தத்தில் டிஎஸ்எச் 30க்கு மேல் ஏற வேண்டும். டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. ஹார்மோன் குறையக் குறைய அது கூடும். ஆக, சில வாரம் ஹார்மோன் இல்லாமல் உடம்பைப் பட்டினி போடுவது ஒரு வழி. தைரோஜென் என்று ஓர் ஊசியும் இருக்கிறது, அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டால் பட்டினி இல்லாமலே டிஎஸ்எச் ஏறிவிடும். விலையைக் கேட்டோம், பட்டினியே போதும் என்று வந்துவிட்டோம்.

அந்த வாரங்களில்தான் இந்த ஹார்மோன் இத்தனை வருஷம் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். முகம் உப்பி, குரல் கரகரத்து, மலச்சிக்கல் வேறு. டேப்பில் இடுப்பளவைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதக் குனிவதற்குள் எண் மறந்துவிடும். இதற்கு நடுவே அயோடின் குறைந்த சாப்பாடு. மீன் கூடாது, முட்டை கூடாது, பால் விட்ட டீ கூடாது, அயோடின் உப்பு கூடாது. எங்கள் ஊரில் ஒருத்தியை மீன் இல்லாமல் வைத்திருப்பது தனித் தண்டனை. டிஎஸ்எச் 90ஐத் தாண்டியது. திருவனந்தபுரத்தில் ரேடியோ அயோடின் குடித்து, தனி அறையில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் மாத்திரை தொடங்கியது. 125 மைக்ரோகிராம்.

சுரப்பி இல்லாதவருக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. நான் 62 கிலோ, அப்படியானால் நூறு போதும். மீதி 25 எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். பாப்பிலரி செல்கள் புற்றுநோய் ஆன பிறகும் தைராய்டின் குணத்தை விடுவதில்லையாம். டிஎஸ்எச் வந்தால் அதற்கும் ஊட்டம் கிடைத்த மாதிரி. அதனால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஹார்மோன் கொடுத்து டிஎஸ்எச்சைத் தலைதூக்க விடாமல் வைக்கிறார்கள். எனக்கு மாத்திரை, போன சுரப்பிக்கு ஈடு மட்டும் அல்ல, சிகிச்சையும் அதுதான். கடைக்கு வரும் அம்பது மைக்ரோகிராம் அக்காக்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

முதல் வருஷம் டிஎஸ்எச் 0.04இல் நின்றது. அறிக்கையைப் பார்த்து டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கு?

ஆரி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு கை மேலே ஊசியோடு, மறு கை துணிக்கு அடியில் நூலோடு இருக்க வேண்டும். கொக்கி மாதிரி நுனி உள்ள ஊசி கீழே இறங்கி நூலைக் கவ்விக்கொண்டு வரும். மணிக்கட்டு அசையவே கூடாது, விரல்தான் வேலை செய்யும். என் விரல் நடுங்கத் தொடங்கியது. சும்மா பார்த்தால் தெரியாது. கையை நீட்டி, மேலே ஒரு காகிதத்தை வைத்தால் காகிதம் படபடக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸில் மாங்காய் டிசைன் வளைவில் தையல் பிசிறிக்கொண்டே போனது, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு ஓடும். வியர்வை. தூக்கம் கிடையாது. எடை குறைந்தது என்று மாமியார் மட்டும் பாராட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் 'வேறு மாத்திரை பாரேன்' என்ற யோசனை வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் மைனி வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினாள். அங்கே பன்றியின் தைராய்டைக் காயவைத்துப் பொடித்த மாத்திரை கிடைக்கிறது, ஆர்மர் தைராய்டு என்று ஒன்று. "அது இயற்கை, கேட்டியா? உனக்குக் குடுக்கது வெறும் கெமிக்கல்." பன்றி என்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. மருந்தின் சரித்திரமே ஆட்டில்தான் தொடங்குகிறது. 1891இல் இங்கிலாந்தில் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஹார்மோன் வற்றிப்போன 46 வயது அம்மாள் ஒருவருக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். பிறகு வாய்வழியாகவே கொடுத்தார். அந்த அம்மாள் 1919 வரை, 74 வயது வரை இருந்தார். அவருக்காகச் செலவான ஆடுகள் 870க்கும் மேலே என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அது உயிர். எனக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

தைராய்டு சுரப்பது இரண்டு ஹார்மோன், பெரும்பாலும் டி4, கொஞ்சம் டி3. லெவோதைராக்ஸின் வெறும் டி4. உடம்பு அதிலிருந்து தனக்கு வேண்டிய டி3ஐச் செய்துகொள்கிறது. 1970இல் இதை அமெரிக்காவில் நிரூபித்தது சுரப்பியே இல்லாத நோயாளிகளை வைத்துத்தான், அதாவது எங்கள் கட்சி. பன்றி மாத்திரையை கிரெயின் என்ற பழைய எடையில் அளக்கிறார்கள், ஒரு கிரெயினுக்கு 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3. மனிதச் சுரப்பியின் விகிதத்தோடு பார்த்தால் டி3 மிக அதிகம். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். டி3 ஏறக்குறைய ஒரு நாளிலேயே பாதியாகிவிடும், அதனால் போட்டதும் ஏறும், சீக்கிரம் இறங்கும். டிஎஸ்எச்சை ஒரு குறுகிய இடத்துக்குள் அசையாமல் வைக்க வேண்டியவளுக்கு, ஏற்கெனவே நெஞ்சு ஓடுகிறவளுக்கு, அந்த ஏற்ற இறக்கம் எதற்கு? மைனிக்கு இருப்பது வெறும் தைராய்டு குறைபாடு. அவளுக்கு ஒத்துப்போனால் போட்டுக்கொள்ளட்டும்.

டி4ஓடு தனியாகக் கொஞ்சம் டி3 மாத்திரை சேர்ப்பது பற்றியும் யோசித்தேன். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நல்ல சுரப்பி டி3யில் ஒரு பங்கைத் தானே நேரடியாகத் தருகிறது, எனக்கு அந்தப் பங்கு கிடையாதுதான். 1999இல் லிதுவேனியாவில் 33 பேரிடம் செய்த ஆய்வில் டி3 சேர்த்தபோது மனநிலை தேறியது என்று வந்தது, அதில் பாதிப் பேர் தைராய்டு புற்றுநோய்க்காரர்கள். அதை நம்பிப் பலர் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள், பெரும்பாலானவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு மட்டும் அது பிடித்துப்போகிறது. நான் அந்தச் சிலரில் ஒருத்தியா என்று பார்க்கும் முன்னால் டாக்டர் வேறொன்று சொன்னார். "மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி அளவைப் பார்ப்போம்மா."

அவர் சொன்னதன் சாரம் இது. டிஎஸ்எச்சை எவ்வளவு அமுக்குவது என்பது நோய் திரும்பும் ஆபத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலில் ஆபத்து அதிகமானால் 0.1க்குக் கீழே, நடுத்தரமானால் 0.1 முதல் 0.5, குறைவானால் 0.5 முதல் 2. கணுக்களில் இருந்ததால் நான் நடுவில் தொடங்கினேன், ஆரம்பத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கட்டும் என்று விட்டார்கள். ஆனால் ஒருமுறை போட்ட முத்திரை ஆயுளுக்கும் நிற்க வேண்டியதில்லை. கழுத்து ஸ்கேன் சுத்தமாக இருந்தது. தைரோகுளோபுலின் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குப் போயிருந்தது. அது தைராய்டுத் திசு மட்டும் உண்டாக்கும் புரதம், சுரப்பி இல்லாதவர் ரத்தத்தில் எழுந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் இப்படி இருந்தால் அமுக்கிப் பிடிப்பதைத் தளர்த்தலாம். தளர்த்தாவிட்டால் வயது ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். எனக்கு அந்த வயது வந்துகொண்டிருக்கிறது.

125 போய் 112 வந்தது. ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்து, பிறகு 100. டிஎஸ்எச் 0.8. காகிதம் படபடப்பது நின்றது. எடை கொஞ்சம் ஏறியது, மாமியார் கவனித்துவிட்டார்.

அசதி மட்டும் பாக்கி இருந்தது. டி3 பேச்சு மறுபடி எழுந்தது, இந்தமுறை எழுப்பியது நான். டாக்டர் ஹீமோகுளோபின் எழுதிக் கொடுத்தார். 9.8. உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டம். மாதாமாதம் ரத்தம் அதிகம் போய்க்கொண்டிருந்ததை நான் வயது என்று நினைத்திருந்தேன், தைராய்டு என்றும் நினைத்திருந்தேன். இரும்பு மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் மதியம் கடையில் மேசை மேல் தலை சாய்ப்பது குறைந்தது. டி3 கேட்பதை அத்தோடு விட்டேன்.

ஆனால் இரும்பு மாத்திரையால் வேறு தலைவலி. இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தத்தில் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சோர்ந்துபோய் உதடும் விரல் நுனியும் மரத்துப்போனதிலிருந்து கால்சியமும் போடுகிறேன். ஆகவே காலை எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராக்ஸின். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, காபியும் அதைக் கெடுக்கும். மதியச் சோற்றோடு கால்சியம், ராத்திரி இரும்பு. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் போடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு நாளாவது நிறுத்துங்கள், டிஎஸ்எச்சும் தைரோகுளோபுலினும் பொய் சொல்லும்.

கம்பெனி விஷயத்தில் நான் பிடிவாதம். எல்ட்ராக்ஸினோ தைரோநார்மோ, எது என்பது எனக்குப் பெரிதில்லை. தொடங்கியதையே தொடர வேண்டும். மருந்துக்கடைத் தம்பி ஸ்டாக் இல்லை என்றால் "அக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று வேறு பாட்டிலை நீட்டுவான். மருந்து ஒன்றுதான், உள்ளே போய்ச் சேரும் அளவு இம்மி மாறலாம். பலருக்கு அது தெரியவே தெரியாது, எனக்கு டிஎஸ்எச்சில் தெரிந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த கடைக்கு நடப்பதே மேல்.

அடுத்த பரிசோதனை கார்த்திகையில். தைரோகுளோபுலின் எழுந்திருந்தால் டோஸை மறுபடி கூட்டுவோம் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். கூட்டட்டும், அதற்கு மறுப்பு சொல்ல மாட்டேன். ஆரி வேலைக்கு மட்டும் ஒரு பெண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், மாங்காய் வளைவு இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை.