என்3 பாஸ்! ரீடிங்ல கைகொடுத்தது நாலு கட்ட காமிக்ஸ்தான்

ரிசல்ட் வந்துடுச்சு, டிசம்பர்ல சென்னைல எழுதுன ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் தேர்வு) என்3 லெவல் பாஸ். மொத்தத்துல பாஸ் மார்க் 95 தாண்டிடும்னு நம்பிக்கை இருந்துச்சு, பயமெல்லாம் ரீடிங்ல மினிமம் மார்க் 19 வருமாங்கறதுதான், ஏன்னா அது வரலன்னா மத்த ரெண்டு பகுதில எவ்ளோ எடுத்தும் பிரயோஜனம் இல்ல. இப்ப பாத்தா மூணு பகுதில ரீடிங்லதான் மார்க் அதிகம்! அதுக்கு யோன்கோமாவை, அதாவது ஜப்பானோட நாலு கட்ட காமிக்ஸைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியல. காமிக்ஸ் படிச்சு டைம் வேஸ்ட் பண்ணாதீங்கன்னு கிளாஸ்ல எங்ககிட்ட சொன்னது இப்பவும் வருத்தமா இருக்கு.

பாடப் புக் லிஸ்ட் போடல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மேட்டர் என்னன்னா கி, ஷோ, டென், கெட்சுங்கற நாலு படி, கட்டத்துக்கு ஒண்ணு. முதல் கட்டத்துல விஷயம் ஆரம்பிக்கும், ரெண்டாவதுல கொஞ்சம் நகரும், மூணாவதுல எதிர்பாக்காத பக்கம் திரும்பும், நாலாவதுல முடியும். பழைய சீன நாலடிக் கவிதைல இருந்து வந்த அமைப்பு இது, ஜப்பான்ல கட்டுரைக்கும் இதையே சொல்லிக்குடுக்கறாங்க. அதனாலதான் ரீடிங் பத்திகள்லயும் 'ஷிகாஷி', 'தொகோரோகா' ('ஆனா' மாதிரி திருப்பற வார்த்தைகள்) வந்ததும் உஷாராகணும், எழுதினவர் நிஜமா சொல்ல வர்றது பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான் இருக்கும்.

நான் பண்ணது: மூணாவது, நாலாவது கட்டத்தை மறைச்சுட்டு என்ன ஆகும்னு ஜப்பானீஸ்லயே யோசிப்பேன், அப்புறம் திறந்து பாத்துட்டு முழுக்கதையையும் நாலே வாக்கியத்துல வாய்விட்டு சொல்லுவேன். மூணாவது வாக்கியத்துல அந்தத் திருப்பம் வந்தே ஆகணும், வரலன்னா புரியலன்னு அர்த்தம், மறுபடி படிங்க. மனசுக்குள்ள சொல்லாதீங்க, சத்தமா சொல்லுங்க.

எதைப் படிக்கறது:
- கோபோ-ச்சான். 1982ல யோமியுரி பேப்பர்ல ஆரம்பிச்சது. சின்னப் பையன், அப்பா அம்மா, தாத்தா பாட்டி, எல்லாம் வீட்டுப் பேச்சு. என்3க்கு இதுதான் என் முதல் சாய்ஸ்.
- ஸஸாயே-ஸான் (1946–1974) பேர் பெருசு, எனக்கும் உயிர், ஆனா போருக்கு அப்புறம் இருந்த ரேஷன் கால வாழ்க்கையெல்லாம் வரும், பாஸ் பண்ணிட்டு நிதானமா படிங்க.
- அஸுமங்கா தாயோல ஒசாகா பக்கத்துப் பேச்சு வரும், பரீட்சைக்கு அது வேண்டாம்.
- ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் மேலேர்ந்து கீழ. பக்கத்துல ரெண்டு இருந்தா வலது பக்கம் முதல்ல.

லிசனிங்குக்கும் இது உதவும். புக்ல 'நாகெரெபா' ('இல்லன்னா')ன்னு படிச்சது பேச்சுல 'நாக்யா'ன்னு சுருங்கிடும், யோன்கோமா பேச்சு பலூன் பூரா அப்படித்தான், அதனால ஸொகுஜி ஓதோ (கேட்டதுக்கு உடனே பதில் தேர்ந்தெடுக்கற) பகுதில காது தடுமாறல. லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றவங்களுக்கு இது செட் ஆகுமான்னு தெரியல, எனக்கு கதை இல்லாம எதுவும் மண்டைல நிக்காது. ஜூலைல எழுதறவங்க இன்னைக்கே ஒரு ஸ்ட்ரிப் எடுத்து மூணாவது, நாலாவது கட்டத்தை மறைங்க.