டிஸ்னி வேர்ல்டில் லைட்னிங் லேன்: எந்த நாளுக்கு, யாருக்கு?

டிஸ்னி வேர்ல்ட் பார்க்க அமெரிக்காவின் ஆர்லாண்டோ போக முடிவு செய்தவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, சாதாரண வரிசையில் நிற்காமல் தனி வழியில் ரைடு ஏறக் காசு கொடுத்து எடுக்கிற லைட்னிங் லேன் வாங்கணுமா வேண்டாமா என்பதுதான். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு லீவு, பூங்கா டிக்கெட்டுக்கே ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் போயிருக்கும், அதற்கு மேல் வரிசையைத் தாண்டிப் போக இன்னொரு செலவா என்று தயங்குவது நியாயம். என் பதில் இது: அங்கே இருக்கிற நான்கு பூங்காக்களில் மேஜிக் கிங்டம் போகிற ஒரு நாளுக்கு மட்டும், அதில் பல ரைடுகளுக்குச் சேர்த்து எடுக்கிற மல்டி பாஸ் வாங்குங்கள். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்ற மற்ற மூன்று பூங்காக்களிலும் காலையில் சீக்கிரம் போய் நின்றாலே பெரும்பாலும் போதும், கிறிஸ்துமஸ் வாரம் மாதிரி கூட்டம் பிதுங்குகிற நாட்களில் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் சேர்த்து யோசிக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பாஸ் வாங்கியதால் ரைடு வேகமாக ஓடப்போவதில்லை. ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும் என்று ஒவ்வொரு ரைடுக்கும் ஓர் அளவு இருக்கிறது. உள்ளே இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில் ஒரு பணியாளர் நின்று, லைட்னிங் லேனில் வருபவர்களில் பெரும்பங்கையும் சாதாரண வரிசையில் கொஞ்சம் பேரையும் மாற்றி மாற்றி விடுவார். ஒருவருக்கு மிச்சமாகிற நேரம் பக்கத்து வரிசையில் இன்னொருவர் தலையில் ஏறுகிறது. ஆகவே கூட்டம் இல்லாத நேரத்தில் பாஸ் இருந்தும் பெரிய லாபம் கிடையாது, காலை பதினொன்றிலிருந்து மாலை நாலைந்து மணி வரை, எல்லா ரைடு வாசலிலும் 60, 75, 90 நிமிடம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அதற்குக் கொடுத்த காசு நமக்குத் திரும்புகிறது. மேஜிக் கிங்டத்தில் ரைடுகள் அதிகம், சின்னக் குழந்தையிலிருந்து பாட்டி வரை எல்லாரும் ஏறக்கூடியவை அதிகம், அதனால் அந்த நடுப்பகல் நேரத்தில் ஐந்தாறு இடங்களில் பாஸைப் பயன்படுத்திவிட முடியும். அனிமல் கிங்டத்தில் அந்த அளவுக்கு ரைடே இல்லை.

1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இதை ஆரம்பித்தபோது காசு கிடையாது. ரைடு வாசலில் இருக்கிற இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு சீட்டு வரும். பூங்காவுக்குள் வந்த எல்லாருக்கும் அது கிடைத்தது. அப்புறம் கையில் கட்டுகிற மேஜிக் பேண்ட், ஃபோன் ஆப் என்று மாறியபோதும் இலவசம்தான். 2020-இல் கோவிட் காரணமாகப் பூங்காக்களை மூடியபோது நின்றுபோய், 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று திரும்ப வந்தது. 2024 ஜூலையிலிருந்து லைட்னிங் லேன் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ். விலை தேதிக்கும் பூங்காவுக்கும் தகுந்தபடி மாறும், கூட்டமான நாட்களில் மேஜிக் கிங்டத்துக்கு மட்டுமே ஆளுக்கு 35 டாலரைத் தாண்டிவிடுகிறது. கோயிலில் சிறப்பு தரிசன வரிசையையும் பொது தரிசன வரிசையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு வரிசை ஏற்பாடு புதிதில்லை, அங்கே எனக்கு மனசு ஒப்பாதது இங்கேயும் ஒப்பவில்லை. பழைய இலவசச் சீட்டு முறைதான் நியாயமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி வெயிலில் நிற்பதைப் பார்த்த பிறகு, ஒரு நாளுக்கு வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பல வீடுகளில் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: தாத்தா பாட்டி ரோலர் கோஸ்டரில் ஏறப்போவதில்லை, அவர்களுக்கு எதற்கு பாஸ், பிள்ளைகளுக்கும் நமக்கும் மட்டும் போதும். நான் இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். பதினைந்து வயதுப் பையனால் ஸ்பேஸ் மவுண்டனுக்கு ஒரு மணி நேரம் நிற்க முடியும், ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவான். பாட்டிக்குப் பிடிக்கிற ரைடுகள் எவை என்று பாருங்கள். ஜங்கிள் க்ரூஸ் படகு, பீட்டர் பேன், ஹாண்டட் மேன்ஷன், பைரேட்ஸ். இதில் ஜங்கிள் க்ரூஸும் பீட்டர் பேனும் மேஜிக் கிங்டத்திலேயே எப்போதும் நீளமாக நிற்கிற வரிசைகளில் சேர்ந்தவை. பீட்டர் பேனில் பறக்கிற கப்பல் இரவு லண்டனுக்கு மேலே போகும்போது என் அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை எந்த கோஸ்டரும் அவருக்குத் தந்திருக்காது, மூன்று நான்கு நிமிடம்தான் அந்த ரைடு, அதற்கு ஒரு மணி நேரம் நிற்க வைத்திருந்தால் ஏறும்போதே சோர்ந்து போயிருப்பார். மல்டி பாஸ் ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்குவது, குடும்பத்தில் யார் யாருக்கு என்று நாமே தேர்வு செய்யலாம். காசு எல்லாருக்கும் போதவில்லை என்றால் நிற்க முடியாதவர்களுக்கும் அவர்களோடு ஏறுகிற ஒருவருக்கும் முதலில் வாங்குங்கள். மூன்று வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டும் வேண்டாம், பாஸும் வேண்டாம்.

வரிசையே அதிகம் இல்லாத இடங்களும் அங்கே இருக்கின்றன. மேஜிக் கிங்டத்தின் டுமாரோலேண்ட் பகுதியில் மேலே ஊர்ந்து போகிற பீப்பிள் மூவர், சுழலுகிற அரங்கில் உட்கார்ந்து பார்க்கிற கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ். மதிய வெயிலில் பெரியவர்களை இதில் எல்லாம் உட்கார வைத்துவிட்டால் அவர்களுக்கும் ஓய்வு, பிள்ளைகளும் ஓடி ஆடிவிட்டு வருவார்கள்.

சரி, வாங்குவது எப்படி. வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு ரைடுக்கும் நேரம் குறித்து முன்கூட்டியே எடுக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு, வந்து சேருகிற நாளுக்கு ஏழு நாள் முன்னாலிருந்தே முழுத் தங்கலுக்கும் எடுக்க முடியும். வெளியே தங்குபவர்களுக்குப் பூங்கா போகிற நாளுக்கு மூன்று நாள் முன்னால். இரண்டுமே ஆர்லாண்டோ நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கும், கலிஃபோர்னியாவில் இருந்தால் விடியற்காலை 4 மணி, இந்தியாவிலிருந்து கிளம்புபவர்களுக்கு கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. அதற்கு முன்பே எல்லாருடைய டிக்கெட்டும் டிஸ்னியின் ஃபோன் ஆப்பில் ஒரே கணக்கோடு இணைந்திருக்க வேண்டும், 7 மணிக்கு உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டிருந்தால் நல்ல நேரம் எல்லாம் போய்விடும்.

முதலில் மூன்று ரைடு எடுக்கலாம். மேஜிக் கிங்டத்தில் பெயர்பெற்ற ரைடுகள் ஒரு பிரிவாகவும் மீதி இன்னொரு பிரிவாகவும் இருக்கும், முதல் பிரிவில் ஒன்றுதான் கிடைக்கும், மற்ற இரண்டும் இரண்டாவது பிரிவில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூன்றையும் மதியத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், ஒன்றாவது காலை பத்து மணி வாக்கில் இருக்கட்டும், ஏனென்றால் ஒன்றைப் பயன்படுத்திய பிறகுதான் ஆப் நான்காவதை எடுக்க விடும். வாசலில் ஸ்கேன் ஆன அந்த நிமிடமே, உள்ளே நடந்துகொண்டே அடுத்ததை எடுத்துவிடுங்கள். இப்படி ஒன்று முடிய ஒன்று எடுத்துக்கொண்டே போனால்தான் ஒரு நாளில் ஆறு ஏழு ரைடு வரை பாஸில் ஏற முடியும், மூன்றோடு நிறுத்திவிட்டால் கொடுத்த காசில் பாதி வீண். எடுத்த நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஆப்பிலேயே மாற்றலாம், யாராவது விட்டுக்கொடுத்த இடம் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தால் முன்னாலேயே ஒரு நேரம் கிடைக்கும். இந்த வேலையை வீட்டில் ஒருவரே எடுத்துக்கொள்வது நல்லது, ஒரு பவர் பேங்கும் கையில் இருக்கட்டும்.

சிங்கிள் பாஸ் வேறு. மேஜிக் கிங்டத்தில் ட்ரான், எப்காட்டில் காஸ்மிக் ரீவைண்ட், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ், அனிமல் கிங்டத்தில் அவதார் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் போன்ற பெரிய ரைடுகளுக்குத் தனியாக, ரைடுக்கு இவ்வளவு என்று விலை. மல்டி பாஸ் வாங்கினாலும் இவை அதில் வராது, வாங்கிய பிறகு இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. இவற்றில் ஒன்றோ இரண்டோ காலை முதல் வேலையாகச் சாதாரண வரிசையில் போனாலே முடிந்துவிடும்.

பிரீமியர் பாஸ் என்று ஒன்றை 2024 கடைசியில் கொண்டு வந்தார்கள். நேரம் எதுவும் குறிக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஒவ்வொரு ரைடிலும் ஒரு தடவை. மேஜிக் கிங்டத்துக்கு கூட்டமான நாட்களில் ஆளுக்கு 449 டாலர் என்று அறிவித்தார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரே நாளில் 2,000 டாலருக்கு மேல். எவ்வளவு வசதி இருந்தாலும் இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், அந்தக் காசுக்கு இன்னும் சில நாள் கூடுதலாகத் தங்கி நிதானமாகவே எல்லாம் பார்த்துவிடலாம்.

காசு இல்லாமல் கிடைப்பவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். முதலில் ரைடர் ஸ்விட்ச். கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருந்தால் (ஃப்ளைட் ஆஃப் பாஸேஜுக்கு 44 அங்குலம், ட்ரானுக்கு 48, ரைஸுக்கு 40) வரிசை வாசலில் நிற்கிற பணியாளரிடம் சொல்லுங்கள். அப்பா வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார், அம்மா குழந்தையோடு வெளியே இருப்பார், பிறகு அம்மா லைட்னிங் லேன் வழியாகவே போகலாம், கூட ஒரு பிள்ளையையும் அழைத்துப் போகலாம், அதாவது பெரிய பிள்ளைக்கு இரண்டு தடவை. ஒரு பைசா கிடையாது. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். இன்னொன்று தனி ஆள் வரிசை. எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், மில்லேனியம் ஃபால்கன் என்ற இரண்டு ரைடுகளிலும் ஒற்றை இருக்கைகளை நிரப்ப அப்படி ஒரு வரிசை உண்டு, சேர்ந்து உட்கார முடியாது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

முடியாத பெரியவர்களுக்கு ஊனமுற்றோர் சலுகைப் பாஸ் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். 2024-இல் அந்த விதியை இறுக்கிவிட்டார்கள், முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக நீண்ட வரிசையில் நிற்க இயலாதவர்களுக்குத்தான் இப்போது அது. முழங்கால் வலிக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுப்பதுதான் வழி. பெரும்பாலான வரிசைகளுக்குள் அதோடேயே போகலாம், காத்திருக்கிற நேரம் குறையாது, ஆனால் உட்கார்ந்தே காத்திருக்கலாம். நுழைவாயில் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. இதில் கூச்சப்படுகிற அப்பாக்கள் அதிகம், முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

காலை நேரம் பற்றிக் கொஞ்சம். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் எல்லாப் பூங்காக்களிலும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள், அந்த அரை மணியில் இரண்டு பெரிய ரைடு முடித்துவிடலாம். ஆனால் நம்மவர்கள் பலர் கிஸ்ஸிமியில் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குவார்கள், அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிட அதுதான் வசதி, நானும் அதைத்தான் சொல்வேன். அப்படித் தங்கினால் மேஜிக் கிங்டம் நாளில் இன்னும் முன்னால் கிளம்ப வேண்டும், ஏனென்றால் காரை நிறுத்துகிற இடமும் பூங்காவும் ஒரே இடத்தில் இல்லை, நடுவில் ஏரி, மோனோ ரயிலோ படகோ பிடித்துத்தான் போகணும். பாதுகாப்புச் சோதனையும் சேர்த்து அரை மணிக்கு மேல் ஆகிவிடும். அனிமல் கிங்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை, காலையில் நேரே ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ், முடித்துவிட்டு சஃபாரி, மதியத்துக்குள் முக்கியமானவை முடிந்துவிடும்.

இரவிலும் இதே மாதிரி ஒரு வாய்ப்பு இருக்கிறது. பூங்கா மூடுகிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டாலும் ஏற்றித்தான் அனுப்புவார்கள். வாணவேடிக்கை நடக்கும்போது கூட்டம் கோட்டை முன்னால் குவிந்திருக்கும், அப்போது வரிசைகள் குறையும், வேடிக்கையை ஒரு தடவை பார்த்தவர்கள் இன்னொரு நாள் அந்த நேரத்தை ரைடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் இடி மழை கிட்டத்தட்ட தினமும் வரும், மின்னல் பக்கத்தில் இருந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். உங்கள் பாஸ் நேரத்தில் ரைடு நின்றிருந்தால் பயப்பட வேண்டாம், அது வீணாகாது, பிறகு அதே ரைடிலோ ஆப் காட்டுகிற வேறு சில ரைடுகளிலோ பயன்படுத்துகிற மாதிரி தானாகவே மாறிவிடும். அந்த மழை நேரத்தில் எங்காவது ஏசி அரங்குக்குள் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து ஆப்பைப் பாருங்கள், மழைக்குப் பயந்து பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், வரிசைகளும் இறங்கியிருக்கும்.