வெயில் என்றுதான் கேட்டேன்

"வெயிலில் அதிகம் போவீங்களா அக்கா?"

"இல்ல டாக்டர், நான் வெளியவே போறதில்ல."

முதல் நாள் பேசியது இவ்வளவுதான். இரண்டு வருடமாக இதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதும் எல்லோரும் கேட்பதுதான்.

இரண்டு கன்னத்திலும் மங்கு. மருந்துக்கடையில் கொடுத்த ஸ்டீராய்டு க்ரீமை மாதக்கணக்கில் பூசி, நிறுத்தியதும் முன்பைவிடக் கருத்துப்போய் வந்தவர். சன்ஸ்க்ரீனும் பூச்சு மருந்தும் கொடுத்ததில் ஓரளவு குறைந்தது. "லேசர் பண்ணா சீக்கிரம் போயிடுமாமே" என்று அவர்தான் கேட்டார். 'அவர்தான்' என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு சிட்டிங், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. சீட்டு எடுத்துக் கட்டிய பணம் என்று ரிசப்ஷன் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

கியூ-ஸ்விட்ச்டு என்டி யாக் என்ற லேசர், அலைநீளம் 1064 நானோமீட்டர். நம் நிறத்துக்கு இதுதான் கொஞ்சம் பயமில்லாதது. மேல்தோலின் மெலனின் என்ற நிறமி இந்த அலைநீளத்தைக் குறைவாகத்தான் உறிஞ்சும். 532 நானோமீட்டரில் சுட்டால் மங்கு இருந்த இடமே புதுக் கருப்பாகிவிடலாம். லேசரின் சக்தியைக் குறைத்து, இடைவெளி விட்டுத்தான் செய்தேன். மூன்று சிட்டிங் நன்றாகவே போனது, போட்டோவில் தெரிந்தது.

நான்காவது தடவை கண்ணுக்குக் கவசம் மாட்டும்போது அவர் முன்னங்கையைப் பார்த்தேன். பொட்டுப் பொட்டாகத் தழும்பு.

"என்னக்கா இது?"

"பஜ்ஜி போடுறப்ப தெறிக்கும் டாக்டர். காலைல இட்லிக்கடை, சாயங்காலம் பஜ்ஜி."

வீட்டு வாசலை ஒட்டிய தகரக் கொட்டகை. விடிகாலை நாலு மணியிலிருந்து அடுப்பு. வெளியவே போறதில்லைதான். மங்கை வெயில் மட்டுமல்ல, வெக்கையும் கிளப்பும் என்று எம்.டி. படிக்கும்போதே படித்தேன். தேர்வில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

"அடுப்புப் பக்கம் கொஞ்சம் குறைச்சுக்குங்கக்கா."

கண் மூடியபடியே சிரித்தார். "அடுப்பைக் குறைச்சா உங்களுக்கு எப்படி டாக்டர் கட்டுறது?"

அங்கேயே லேசர் கைப்பிடியைக் கீழே வைத்திருக்கலாம். மீதிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கலாம். கிளினிக் என்னுடையதல்ல, நான் சொன்னால் தருவார்களா என்பது வேறு விஷயம். கேட்டுப் பார்க்கவில்லை. லேசரின் சக்தியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆரம்பித்தேன். ஐந்தும் ஆறும் முடிந்தன. மூன்று மாதத்தில் மங்கு திரும்பி வந்தது, முன்பைவிட அழுத்தமாக.

திரும்ப வரலாம் என்று வாயாலும் சொல்லியிருந்தேன், ஒப்புதல் படிவத்திலும் இருந்தது. படிவம் ஆங்கிலம். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். சண்டை போட்டிருந்தால் இந்தப் படிவத்தைக் காட்டியிருப்பேன். அவரோ, "என் முகம் அப்படி டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் தோலை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் வெள்ளைத் தோலுக்காக வந்தது. நம்மைப் போன்ற நிறங்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். அதுவும் வெயிலைத்தான் கேட்கிறது: சிவக்குமா, கருக்குமா? அடுப்பைக் கேட்பதில்லை. இதைச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதல். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நான் அடுப்பைப் பற்றிக் கேட்காததற்கு ஃபிட்ஸ்பாட்ரிக் என்ன செய்வார்?

இப்போது மங்கு என்று வரும் எல்லோரிடமும் அடுப்பைப் பற்றிக் கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண், ஹாஸ்டல் சமையல். "எட்டு மணி நேரம் நிப்பேன் மேடம்" என்றார். வெக்கையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "சரி மேடம், எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

தேதி கொடுத்திருக்கிறேன்.