குரக்கனில் குற்றமில்லை

அரிசி, குரக்கன், சோளம், இறுங்கு, தினை, சாமை, வரகு எல்லாம் சாப்பிடலாம். கோதுமை, பார்லி, ரை மூன்றும் கூடவே கூடாது. இந்த மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்று உறுதியானதும் மகளின் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதித் தந்தது இவ்வளவுதான். "இடியப்பமும் புட்டும் சாப்பிடுகிற ஊரில் நமக்கென்ன பயம்?" என்றார் மாமி. அந்த இடியப்பத்தையும் புட்டையும் இப்போது எந்த மாவில் அவிக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய கோதுமை மா ஆலை எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் இருக்கிறது. அந்த வெள்ளை மா நுழையாத பலகாரம் இங்கே குறைவு.

நோயைக் கண்டுபிடிப்பதே பெரும் பாடாக இருந்தது. மாறாத வயிற்றுப்போக்கு, எத்தனை இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தாலும் ஏறாத இரத்தம். தனியார் வைத்தியர் ஒருவர், "முதலில் கோதுமையை நிறுத்துங்கள், பிறகு இரத்தத்தைச் சோதிக்கலாம்" என்றார். நிறுத்தினோம். முடிவு 'இல்லை' என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? இந்த நோயில் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் சோதனை தேடுகிறது; கோதுமையை நிறுத்தினால் அது குறைந்துகொண்டே போகும்; நோய் இருந்தாலும் பரிசோதனையில் அகப்படாது. கொழும்பில் பார்த்த குடல்நோய் நிபுணர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். திரும்பவும் பாணும் ரொட்டியும் கொடுக்கச் சொல்லி எங்களை ஊருக்கு அனுப்பினார். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது, தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரித்தானிய வழிகாட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைக்குப் பாணைப் பிய்த்து ஊட்டிய அந்த நாட்களுக்காக அந்தத் தனியார் வைத்தியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்களுக்கும் யாராவது அப்படிச் சொன்னால், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். இரண்டாம் முறை இரத்தம், எண்டோஸ்கோபி, சிறுகுடல் தசைத்துண்டுப் பரிசோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

நோய் உறுதியான பிறகும் வார்டில் ஒருவர், வயிற்றுக்கு நல்லது என்று பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொப்பியை விரித்துக் காட்டினேன். "அது கோதுமை இல்லையே" என்றார்.

வீட்டில் கோதுமை நின்றது. பிள்ளை தேறினாள். பிறகு மறுபடியும் வயிறு ஊதத் தொடங்கியது. குரக்கன் இவளுக்கு ஒத்துவரவில்லை என்று மாமி தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த முறை குரக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் மில்லிலேயே நின்று பார்த்தேன். எங்களுக்கு முன்னால் வந்த பெண் சத்துமா அரைக்கக் கொண்டுவந்திருந்தார்: கோதுமை, பார்லி, பயறு, சோயா, கடலை. அது அரைந்து முடிந்ததும் அதே வாயில் எங்கள் குரக்கனைக் கொட்டினார்கள். மா விழும் குழாயில் கட்டியிருந்த துணிப்பையை மில்காரர் ஒரு தடியால் படபடவென்று தட்டினார். மடிப்புகளில் ஒட்டியிருந்த வெளிர்மா முழுவதும் எங்கள் குரக்கன் மாவின் மேல் உதிர்ந்தது. "தட்டினால் சுத்தம்தானே, தங்கச்சி. கழுவினால் மெஷின் என்னாவது?" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் 'குளூட்டன் அற்றது' என்று விற்கக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். தடியால் தட்டி அந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா?

அதிகாலையில் முதல் ஆளாகப் போனாலும் முந்தின நாள் மா உள்ளே இருக்கும். ஆகவே சின்ன கிரைண்டர் ஒன்று வாங்கினோம். விலை கொஞ்சம் கடித்தது. குரக்கனை முழுத் தானியமாக வாங்கி, கல் மண் போக அரித்து, காயவைத்து, வீட்டிலேயே அரைக்கிறேன். தம்பலகாமத்துப் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து வறுக்கிறேன். அரிதட்டைப் புதிதாக வாங்குங்கள். பழையதன் கண்களில் கோதுமை மா அடைத்திருக்கும். மர இடியப்ப உரலும் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

கடை விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். வெள்ளை இடியப்பத்தில் பெரும்பாலும் கோதுமை மா இருக்கும். தோசை மாவிலும் கலப்பவர்கள் உண்டு. கலக்காவிட்டாலும் பரோட்டா போட்ட அதே கல்லில்தான் சுடுவார்கள். குரக்கன் பிஸ்கட் என்று படம் போட்ட பொதியைத் திருப்பிப் பார்த்தால் முதல் சொல்லே கோதுமை மா. கட்டிப் பெருங்காயம், சோயா சோஸ், மால்ட் பானங்கள் எல்லாவற்றிலும் சேர்மானத்தைப் படியுங்கள். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லிதான். கோயில் மோதகத்தை யார் அவித்தது என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். சவ்வரிசிப் பாயசத்துக்கு மட்டும் பயமில்லை, சேமியா போடாதவரை.

ஓட்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கலப்பில்லாத ஓட்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அதுவும் ஆகாது. ஆனால் சாதாரண ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. குளூட்டன் அற்றது என்று அச்சிட்ட பொதி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. எதிர்ப்பொருள் சரியான அளவுக்கு இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நிபுணரும் சொல்லிவிட்டார். போன கிளினிக்கில் அது நன்றாகவே இறங்கியிருந்தது. காலையில் அவளுக்குக் குரக்கன் கஞ்சிதான், மாமியே காய்ச்சுகிறார்.