எதிர்பார்க்கும் மரணங்களும் மிகையான மரணங்களும்

ஒரு மாவட்டத்தில் 15 முதல் 34 வயது வரையிலான ஆண்களின் இறப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா? மதுரையில் பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரப் பணியில் இருந்தபோது என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். முறையைச் சொல்வது எளிது. ஒவ்வோர் ஐந்தாண்டு வயதுப் பிரிவிலும் வாழும் ஆண்களின் எண்ணிக்கையை அந்த வயதுக்குரிய இறப்பு விகிதத்தால் பெருக்கினால் எதிர்பார்க்கப்படும் இறப்புகள் கிடைக்கும். உண்மையில் நிகழ்ந்த இறப்புகளிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மிகை இறப்பு. கணக்கு இவ்வளவுதான். யாருடைய இறப்பை எண்ணுவது, எந்த மக்கள்தொகையால் வகுப்பது, எந்த விகிதத்தை இயல்பானது என்று ஏற்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்வதில்தான் எங்கள் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அது பதிவாக வேண்டும். மதுரைக்கு இது பெரிய விஷயம். தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் தலையில் அடிபட்டவர்களையும் விஷம் குடித்தவர்களையும் கடைசியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். மக்கள் வாயில் இன்றும் அது பெரியாஸ்பத்திரிதான். அங்கே உயிர் பிரிந்தால் அந்த இறப்பு மதுரை நகரத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த எண்ணிக்கையை நகர மக்கள்தொகையால் வகுப்பவருக்கு மதுரை இளைஞர்களிடையே ஏதோ கொள்ளை நோய் பரவியிருப்பதாகத் தோன்றும். அதே நேரத்தில் கமுதி, கம்பம் பக்கத்து இளைஞர்கள் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாகவும் தோன்றும். இறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவரின் வழக்கமான வசிப்பிடம் கேட்கப்படுகிறது. அதைக் கொண்டு ஒவ்வோர் இறப்பையும் சொந்த ஊருக்குத் திருப்பிச் சேர்த்த பிறகே எங்கள் தொகுஎண், அதாவது விகிதத்தில் மேலே நிற்கும் இறப்பு எண்ணிக்கை, உருவானது. பதிவு நாளை விட்டுவிட்டு இறந்த நாளையே கணக்கில் எடுத்தோம். 21 நாள் கெடு கடந்தும் தாமதமாகப் பதிவாகும் மரணங்கள் உண்டு. 2020-இன் ஊரடங்கு மாதங்களைப் போன்ற காலங்களில் பதிவு நாளை நம்பினால், ஒரு மாதத்தின் சாவு வேறொரு மாதத்தில் எழும்பி நிற்கும்.

வயது அடுத்த தொல்லை. பதிவேடுகளில் 20, 25, 30 என்ற முழு எண்களில் இறப்புகள் குவிந்து கிடக்கும். சாலையோரத்தில் கண்டெடுத்த உடலுக்குக் காவல்துறை ‘சுமார் 30’ என்று எழுதும். உறவினர்களும் பதற்றத்தில் தோராயமாகச் சொல்வார்கள். ஐந்தாண்டுப் பிரிவுகள் சரியாக இந்த எண்களில்தான் தொடங்குகின்றன என்பதால், 29 வயதுக்காரர் ஒரு சொல்லில் அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறார். பிரிவுகளை விரித்துப் பத்தாண்டுகளாக வைத்து ஒருமுறை சரிபார்ப்பதைத் தவிர இதற்கு முழுமையான மருந்து இல்லை.

மக்கள்தொகைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்து 38 ஆயிரம். அதன் பின் கணக்கெடுப்பே நடக்காததால், மாநில அளவிலான முன்கணிப்பை எடுத்து மாவட்டத்துக்குப் பிரித்துத்தான் வகுஎண்ணை, அதாவது இறப்புகளை வகுக்கும் மக்கள்தொகையை, பெற வேண்டியிருந்தது. முதியவர்களுக்கு இது ஓரளவு பொருந்தும், இளைஞர்களுக்குப் பொருந்துவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராம நிர்வாக அலுவலர் இதை என்னிடம் ஒரே மூச்சில் விளக்கினார்: “சார், ரேஷன் கார்டுல பேரு இங்க இருக்கும், ஆளு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருப்பான். அங்க செத்தா பதிவும் அங்கதான். பாடி மட்டும் ஊருக்கு வரும்.” அந்தப் பையன் எங்கள் வகுஎண்ணில் இருக்கிறான், தொகுஎண்ணில் இல்லை. இப்படி இடம்பெயர்ந்தவர்கள் மிகுந்த வட்டங்களில் இளைஞர் இறப்பு விகிதம் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். வீடுவீடாகச் சென்று கேட்ட சில ஊர்களில் மட்டுமே எங்களால் இதைத் திருத்த முடிந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் தற்செயலின் வீச்சு இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 1 லட்சம் இளைஞர்களும் ஆயிரத்துக்கு 1.8 என்ற விகிதமும் இருந்தால் எதிர்பார்ப்பு 180. எந்தக் காரணமும் மாறாமலேயே ஓராண்டில் 154-ம் இன்னோர் ஆண்டில் 206-ம் வரலாம். 195 என்று வந்த ஆண்டில் ‘15 மிகை இறப்புகள்’ என்று அறிக்கை எழுதச் சொல்பவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பது என் வேலையின் பெரும்பங்காக இருந்தது.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்க விடாதது: எந்த விகிதம் இயல்பு? முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரியை அடித்தளமாகக் கொள்வதே பெருவழக்கு. திடீர் நோயையோ வெள்ளத்தையோ அளக்க அது போதும். ஆனால் அப்போதும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இந்தியாவில் சாலை விபத்து மரணங்கள் 2019-இல் 1,51,113. போக்குவரத்து அடங்கிய 2020-இல் அது 1,31,714 ஆகக் குறைந்தது. விபத்தில் சாகிறவர்களில் பெரும்பகுதியினர் இளைஞர்களும் நடுவயதினருமான ஆண்கள். அந்த ஆண்டில் இவ்வயது ஆண்களின் மொத்த மிகை இறப்பு பூஜ்யத்தை ஒட்டி வந்தால், கொரோனா அவர்களைத் தொடவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. சாலையில் தப்பியவர்களின் எண்ணிக்கை, வேறு காரணங்களால் இறந்தவர்களின் எண்ணிக்கையை மறைத்திருக்கக்கூடும். காரணவாரியாகப் பிரித்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். இளைஞர் சாவுகளில் பெரும்பங்கு பிணக்கூறாய்வுக்குப் போகிறது. உள்ளுறுப்பு ஆய்வு முடிவு வரும்வரை மருத்துவர் கருத்தை நிறுத்திவைக்கிறார். பின்னர் வரும் முடிவு பதிவேட்டுக்குத் திரும்பி வருவது அரிது. அறுத்து ஆராயப்பட்ட உடல்களுக்கே புள்ளிவிவரத்தில் காரணம் இல்லை என்ற இந்த நிலை ஆண்டுக்கணக்காகத் தொடர்வதை நான் ஏற்கவே மாட்டேன். ஆய்வுக்கூடத்துக்கும் பதிவாளருக்கும் இடையே ஒரு கடிதம் போய் வந்தால் தீரக்கூடிய குறை இது.

அடித்தளத்தில் இதைவிட ஆழமான சிக்கலும் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்தோடும், வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட் ஆகியவற்றாலும் ஒரு வட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இளைஞர்கள் இறந்துகொண்டிருந்தால், ஐந்தாண்டுச் சராசரி அவர்கள் அனைவரையும் ‘எதிர்பார்க்கப்பட்டவர்கள்’ ஆக்கிவிடும். மிகை பூஜ்யம் என்று வரும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஃபார் என்ற மருத்துவப் புள்ளியியலாளர் இந்த வலையில் விழவில்லை. ஆயிரத்துக்கு 17-க்கு மேல் சாவு போகாத ஆரோக்கியமான மாவட்டங்களைத் தேர்ந்து, அந்த விகிதத்தையே அளவுகோலாக நிறுத்தி, பிற மாவட்டங்களில் அதற்கு மேல் நிகழ்ந்ததையெல்லாம் மிகை என்று கணக்கிட்டார்.

அதைப் பின்பற்றி, எங்கள் அட்டவணையில் வழக்கமான பத்திக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கும்படி வாதாடினேன்: அதே வட்டத்தில் அதே வயதுப் பெண்களின் விகிதம் ஆண்களுக்கும் இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பது. மூத்த சக ஊழியர் ஒருவர் நியாயமான மறுப்பு சொன்னார். பெண்களின் விகிதம் இயற்கை கொடுத்த அளவு அல்ல; பிரசவ மரணங்கள் மிகுந்திருந்த காலத்தில் இந்தியாவில் இவ்வயதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். அன்று இந்த முறையைப் பயன்படுத்தியிருந்தால் ஆண்களுக்கு மிகையே இல்லை என்று வந்திருக்கும். அவர் சொன்னது சரி. அதனால் மூன்றாவதாக, மாவட்டத்தின் மிகக் குறைந்த விகிதமுள்ள வட்டத்தோடும் ஒப்பிட்டோம். அங்கே இடம்பெயர்வால் எண் தாழ்ந்திருக்கிறதா என்பதை வீட்டு விசாரணையில் பார்த்த பிறகே அதை ஏற்றோம். முதல் பத்தியில் பூஜ்யத்தைச் சுற்றி நின்ற வட்டங்கள் மற்ற இரண்டிலும் தெளிவாக மேலே எழுந்தன.

அறிக்கையைப் பெற்றவர்கள் ஒரே எண்ணைக் கேட்டார்கள். மூன்றையும், ஒவ்வொன்றும் எதோடு ஒப்பிட்டது என்ற குறிப்புடன், சேர்த்தே கொடுத்தோம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் வயதுவாரி எண்கள் வந்ததும், முன்கணிப்பை நம்பி வகுத்த விகிதங்கள் அனைத்தையும் பின்னோக்கித் திருத்த வேண்டும். அதற்காகவே இறந்த நாள், வசிப்பிடம், சொன்ன வயது ஆகியவற்றைத் திருத்தாத மூல வடிவில் வட்டவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.