ஒட்டறைத் தடி

2024 டிசம்பர் 28, சனி

ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுத்தாள். ஜனவரி 10 வருகிறார்களாம். அவள், அத்தான், மகன். பத்து நாள் நிற்பார்கள். டிக்கெட் விலை, பெட்டிகளின் நிறை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "தம்பி, வீட்டிலை ஒரு சிலந்தியும் இருக்கக்கூடாது. பொடியன் பயப்பிடுவான்" என்றாள். பொடியனுக்கு ஒன்பது வயது.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் நல்லூரில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. முன்பாதி தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பாதி பிறகு கட்டியது; குசினி, குளியலறை, சாமான் அறை, மேலே தட்டு. ஓட்டு வீட்டில் சிலந்தி இருக்கக்கூடாது என்பது கிணற்றில் தவளை இருக்கக்கூடாது என்பது போல. இருந்தாலும் அக்கா கேட்டுவிட்டாள்.

இரவு டோர்ச்சை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். விறாந்தை மூலைகளில் மட்டும் பதினேழு. மொத்தம் நாற்பத்தொன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். பெரும்பாலும் நெடுங்கால்காரர்தான், உடம்பு உழுத்தம்பருப்பு அளவு, கால் மட்டும் மயிரிழை போல நீளம். குசினிச் சுவரில் ஒன்று, என் உள்ளங்கையளவு, தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஒரு கரப்பான். வெளிச்சம் பட்டும் அசையவில்லை. சாப்பிடும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் வந்துவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

எப்படியும் தைப்பொங்கலுக்கு முன்னர் ஒட்டறை தட்டத்தான் வேண்டும். கொஞ்சம் முந்திச் செய்கிறோம், அவ்வளவுதான். தும்புத்தடியை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டினேன். தலையில் துவாய், மூக்கில் கொரோனாக் காலத்து முகக்கவசம்.

முகட்டிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் விறாந்தையைக் கூட்டித் துடைத்து முடித்த பிறகுதான் கூரை வளையைப் பார்த்தேன். தட்டினால் கரிப்பொடி, ஈயின் சிறகு, எறும்பின் தலை, இன்னதென்று தெரியாத ஏதோ ஒரு கோது, எல்லாம் துடைத்த தரையில் வந்து விழுந்தன. திரும்பவும் முதலிலிருந்து.

ஒட்டறை என்று நாங்கள் திட்டுவதில் பாதி சிலந்தியே கைவிட்டுப்போன பழைய நூல். அதில் தூசு ஏறிக் கறுத்துத் தொங்குகிறது. குடியிருக்கிற வலை கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. தடியின் நுனி பட்டதும் நெடுங்கால்காரர் ஓடுவதில்லை. வலையில் தலைகீழாக நின்றபடியே உடம்பைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டுகிறார். ஆடுகிற வேகத்தில் உருவம் மங்கிவிடுகிறது. எது கால், எது உடம்பு என்று பிடிபடவில்லை. பல்லிக்கும் இப்படித்தான் தெரியும் போல. ஒன்றின் வாயில் முட்டைகள் இருந்தன. கடுகைவிடச் சின்னதாக, இருபதோ முப்பதோ, ஏதோ ஒரு மெல்லிய நூலால் சேர்த்துக் கட்டிக் கவ்விக்கொண்டு நின்றாள். அவளை விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போனேன்.

வலைக்கு நேர் கீழே சுவரில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள். இத்தனை வருடமாகச் சுண்ணாம்பு உதிர்ந்த தடம் என்று நினைத்திருந்தேன். அது சிலந்தியின் எச்சம். ஈரத்துணியால் தேய்த்தால் போகிறது, ஆனால் தோள்மூட்டும் கூடவே போகிறது.

சாமி அறைப் பக்கம் தடியோடு போனதும் அம்மா வந்து மறித்தா. "அதை நீ அடியாதை, நான் எடுக்கிறன்" என்று கையாலேயே மெல்ல வழித்து எடுத்தா. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலையால் பந்தல் போட்ட சிலந்தியின் கதை அவவுக்கு மனப்பாடம். அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழன். அறுபத்துமூவரில் ஒருவர். தன் வலையைக் கலைத்த யானை மேல் இருந்த கோபம் அரசனான பிறகும் தீராமல், யானை ஏறமுடியாத மாடக்கோயில்களாகக் கட்டினாராம். எனக்கு இந்தக் கதையில் எப்போதும் யானை மேல்தான் இரக்கம். அதுவும் பூசைக்குத்தானே தண்ணீர் கொண்டுவந்தது.

டிசம்பர் 31, செவ்வாய்

ஒரே நாளில் விறாந்தையில் வலை திரும்ப வந்துவிட்டது. அதே மூலை, அதே கோணம். இரவு கதிரையைப் போட்டு அந்த மூலைக்குக் கீழே இருந்து பார்த்தேன். மேலே வெள்ளை டியூப் லைட். மழை விட்டபடியால் ஈசலும் நுளம்பும் பெயர் தெரியாத குட்டிப் பூச்சிகளும் அதைச் சுற்றி மொய்த்தன. சிலந்தி சாப்பாட்டுக் கடை வாசலில் இடம் பிடித்திருக்கிறது. கடையை மூடாமல் ஆளை மட்டும் துரத்தி என்ன பலன்?

டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் எல்ஈடி பல்ப் போட்டேன். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். விறாந்தை மங்கலாகிவிட்டது, பேப்பர் வாசிக்க முடியவில்லை என்று அம்மாவுக்கு முறைப்பாடு.

ஜனவரி 2, வியாழன்

நேற்றுப் பூச்சி மருந்து ஸ்பிரே வாங்கினேன். வாங்கியிருக்கக்கூடாது. சுவரோரமாக வீடு முழுக்க அடித்தேன். அம்மாவுக்கு இரவெல்லாம் இருமல். காலையில் குசினியில் நாலு கரப்பான் மல்லாந்து கிடந்தன. நுளம்பும் குறைவு. சிலந்திகள் மட்டும் அப்படியே.

அச்சகத்தில் கூட வேலை செய்யும் தம்பி விவசாயம் படித்தவன். அவன்தான் விளக்கினான். கரப்பான் காலையும் மீசையையும் வாயால் நக்கிச் சுத்தம் செய்யும், அதனால் காலில் ஒட்டிய மருந்து உள்ளே போகிறது. சிலந்தி அப்படி நக்குவதில்லை. நுனிக்காலில் உடம்பைத் தூக்கி நடக்கிறது. வலையில் தொங்குவது சுவரைத் தொடுவதே அரிது. நேராக அதன் மேல் அடித்தால்தான் சாகும். "அப்பிடி எண்டால் செருப்பாலையே அடிக்கலாமே அண்ணை, காசு மிச்சம்" என்றான். சரிதான்.

ஜனவரி 4, சனி

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. விடிய நாலு மணிக்கு ஒழுங்கையில் சங்கும் சேமக்கலமும். நித்திரை கலைந்தது. பொங்கல் பானையை இறக்கி வைப்போம் என்று சாமான் அறைக்குப் போய் லைட்டைப் போட்டேன்.

அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் குசினியில் பார்த்த அதே இனத்தில் இன்னொன்று. வலை கட்டாமல் இரவில் சுவரில் திரிந்து வேட்டையாடுகிற வகை; ஹன்ட்ஸ்மன் என்கிறார்கள். மண்ணிறம், முகத்துக்குக் கீழே மீசை வைத்தது போல ஒரு வெளிர் பட்டை. வயிற்றுக்கடியில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாக, தட்டையாக, வெள்ளையாக ஏதோ ஒன்றை அணைத்து வைத்திருந்தது. முதலில் கடதாசித் துண்டு என்றே நினைத்தேன். கிட்டப் போனதும் கால்களை அகட்டி இன்னும் தாழ்ந்து அதை மூடிக்கொண்டது. முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கு மேல் இருக்கும். பொரிக்கும் வரை, கிழமைக்கணக்கில், இதைச் சுமந்துகொண்டேதான் திரியும். வேட்டையும் கிட்டத்தட்ட இல்லை.

ஒழுங்கையில் பாட்டு தூரமாகிக்கொண்டு போனது. பானையை எடுக்காமலே கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

குசினிக்காரரைப் பிடித்து வெளியேற்றினேன். முறை இதுதான்: கிளாஸ் போதாது, கால் வெளியே மாட்டும். ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டியை மெதுவாக மேலே கவிழ்க்க வேண்டும். பிறகு சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த மட்டை ஒன்றைச் செருக வேண்டும். அச்சகத்தில் மிஞ்சிய கலியாணக் கார்ட் இதற்கென்றே செய்தது போல இருந்தது. பொன் எழுத்தில் பிள்ளையார், கீழே மாட்டிக்கொண்ட சிலந்தி. முதல் தடவை அவசரப்பட்டதில் அது என் முழங்கை வரை ஓடி வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. கடிக்கவில்லை. கடித்தாலும் குளவி கொட்டியது போல நோகும், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அகப்பட்டது. வேலியோரம் கிடுகுக் குவியலில் விட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

யன்னல் நிலையில் இருந்த குளவிக் கூட்டை உரித்தேன். களிமண்ணில் குழாய் குழாயாகக் கட்டியிருந்தது. உடைந்ததும் உள்ளேயிருந்து கொட்டியது சிலந்திகள். பாய்ந்து பிடிக்கிற ஈப்புலிச் சிலந்திகள், பச்சையாய் ஒன்று, தோட்டத்தில் இருக்கிற வேறு இரண்டு வகை. எல்லாம் அடுக்கி நெரித்து வைத்தபடி. செத்தவை என்று நினைத்தேன். ஒன்றின் கால் லேசாகத் துடித்தது. குளவி கொட்டி முடக்கி மட்டும் வைத்திருக்கிறது, புழு பிறந்து தின்னும்வரை கெடாமல் இருக்க. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைப் பார்த்தவர் சொன்னதாக இருக்காது.

ஜனவரி 8, புதன்

பக்கத்து வீட்டு மாமிக்குக் கழுத்தில் கோடு இழுத்தது போலச் சிவந்து கொப்புளம். "உங்கடை வீட்டுச் சிலந்திதான் மூத்திரம் பெய்திட்டுது" என்று என்மேல் கோபம். டொக்டர் பார்த்துவிட்டு, சிலந்தி இல்லை, ஒரு வண்டு என்றாராம். எறும்பு போல நீண்டு, செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும் அது, மழைக்காலத்தில் லைட்டுக்கு வரும். கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் நசுக்கிவிட்டால் அதன் உடம்பிலிருக்கும் நச்சு தோலைச் சுடும். நசுக்காமல் ஊதிவிட வேண்டும், பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சிலந்தியின் தலையில் எத்தனை பழி!

மாமி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

வந்து சேர்ந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து ஏ9 வீதியால் வந்தார்களாம். மருமகன் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மாங்குளம் ஸ்பைடர் இங்க இருக்கா?"

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். 2012 இல் வன்னி மாங்குளத்துச் சிலந்தியைப் புது இனம் என்று அறிவித்தார்கள்; கால் விரித்தால் எட்டு அங்குலம். புலிமுகச் சிலந்தி வகை. ஆய்வாளர்களுக்கு உதவிய பொலிஸ் பரிசோதகர் மைக்கல் ராஜகுமார் பூராஜாவின் பெயரைச் சேர்த்து 'பொய்சிலோதேரியா ராஜையீ' என்று வைத்தார்கள். மரப்பொந்தில் இருக்கிற உயிர். காடு குறையக் குறையப் பழைய கட்டடங்களுக்குள்ளும் வருகிறது. இந்த வகை கடித்தால் தசைகள் கடுமையாகப் பிடித்து இழுக்கும். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நல்லூர் வீட்டில் அது இல்லை என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

"உனக்குச் சிலந்தி எண்டால் பயம் எண்டு அம்மா சொன்னாவே?"

"எனக்கா? அம்மாக்குத்தான் பயம்."

ஜனவரி 12, ஞாயிறு

இன்று மத்தியானம் முழுக்க மருமகன் யன்னலடியில். கம்பியில் ஒரு ஈப்புலி. விரலை இடது பக்கம் கொண்டுபோனால் இடது பக்கம் திரும்புகிறது, வலது பக்கம் போனால் வலது பக்கம். எட்டுக் கண்ணில் முன்னால் உள்ள இரண்டும் காரின் லைட் மாதிரிப் பெரிசு. இலையான் ஒன்று வந்து இருந்ததும் எங்களை மறந்துவிட்டது. பதுங்கிப் பதுங்கி நகர்ந்தது, நின்றது, பின்பக்கத்தால் ஒரு நூலைக் கம்பியில் ஒட்டியது. பிறகு ஒரே பாய்ச்சல். இலையானோடு விழுந்து அந்த நூலில் தொங்கி, அதையே பிடித்து ஏறி மேலே வந்தது. "பஞ்சி ஜம்பிங்" என்று பொடியன் கத்தினான். அக்கா அறைக்குள்ளிருந்தே, "கதவைச் சாத்துங்கோ" என்றாள்.

இரவு அவளோடு விறாந்தையில் இருந்தேன். தானாகவே சொன்னாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்தில் எல்லோரையும் போல நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. திரும்பி வந்தது ஆறு மாதம் கழித்து. பூட்டு உடைந்திருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே ஓடியவள் அவள். நிலையிலிருந்து நிலை வரை, முகட்டிலிருந்து தரை வரை வலை. முகம், வாய், தலைமயிர் எல்லாம் ஒட்டிக்கொண்டதாம். "அம்மாவை கூப்பிட வாய் திறந்தன், வாய்க்குள்ளையும் போட்டுது."

அவள் கத்தியது எனக்கும் ஞாபகம். வீட்டுச் சாமான் களவு போனதைப் பார்த்துக் கத்தினாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஜனவரி 13, திங்கள்

உடன்பாடு: அக்கா படுக்கிற அறையும் குளியலறையும் தினமும் தட்டப்படும், கதவின் கீழ் இடைவெளிக்குத் துணி. மற்ற இடங்கள் என் பொறுப்பு. அவள் அங்கெல்லாம் மேலே பார்க்கமாட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொடியன் பால் பொங்கிய பக்கத்தைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். புக்கை கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு சருவம் அனுப்பினோம். வாங்கிக்கொண்டா.

கழுவிய பானையை வைக்கச் சாமான் அறைக்குப் போனேன். பின்னாலேயே மருமகனும். அலுமாரிக்குப் பக்கத்தில் அம்மாக்காரி நின்றாள். வயிற்றுக்கடியில் பை கிழிந்து சப்பையாகக் கிடந்தது. சுவர் நெடுக எள்ளைத் தூவிவிட்டது போல. எள் எல்லாம் நடந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அக்காவின் விமானம் இருபதாம் திகதி. அதுவரை இந்த அறைச் சாவி என் சட்டைப் பையில்.